அறுபது வோல்ட் எங்கே போனது

வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்றை வீட்டில் நானே செய்யப்போகிறேன் என்று சொன்னபோது என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "அதுல எவ்ளோ கரண்டு ஓடும்?" என்பதுதான். பாட்டு நன்றாகக் கேட்குமா, எங்கே வைப்பது, இந்த வயதில் எதற்கு இது என்றெல்லாம் கேட்கவில்லை. நான் பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்டவுடன் உள்ளதைக் கொட்டிவிடுகிற வாய் எனக்கு. "முந்நூறு வோல்ட்டுக்கு மேல," என்றேன். அவள் அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு உள்ளே போனாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அவள் தம்பி கரண்டில் போனவன். தொண்டூரில், அவர்கள் நிலத்துக் கிணற்று மோட்டாரில். தண்ணீர் பாய்ச்சப் போனவன், மோட்டார் நின்றதும் கரண்டு போய்விட்டது என்று நினைத்து ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் கையை வைத்திருக்கிறான். இருட்டிய பிறகுதான் தேடிப் போயிருக்கிறார்கள். எங்களுக்குக் கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அன்றைக்கு அவள் அம்மா வீட்டில் இருந்தாள். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. இன்றைக்கும் மிக்ஸி ஸ்விட்சை மரக்கரண்டியின் காம்பால்தான் அணைப்பாள்.

மூன்றாம் நாள் அவளே வந்து பேசினாள், நிபந்தனைகளோடு. அவள் வீட்டில் இல்லாதபோது அந்தப் பெட்டியை ஓட்டக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும்போது அறையைவிட்டு ஓர் அடி வெளியே வைக்கக் கூடாது, அணைத்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். சாமான்களைக் கிட்டாக விற்பவன் முன்கூட்டியே அனுப்பியிருந்த காகிதத்தில், அளக்கும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள் என்று போட்டிருந்தது. இரண்டு கையும் பட்டால் கரண்டு நெஞ்சு வழியாகப் போகும் என்பதற்காக. அதை நானே படித்துக் காட்டினேன், உடனே அதையும் சேர்த்துக்கொண்டாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். காரியம் ஆகும்வரை கழுதைக்கும் தலையாட்டுகிற ஆள் நான்.

இந்த ஆசை எனக்கு ஏன் வந்தது என்று கேட்டால் என் பிழைப்பைச் சொல்ல வேண்டும். செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எனக்கு ஜெராக்ஸ் கடை. பட்டா, சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, இறப்புச் சான்றிதழ், எல்லாம் என் கை வழியாகப் போகும், எதுவும் என்னுடையது அல்ல. வாழ்க்கை முழுக்க நகலாக எடுத்துத் தள்ளுகிறவனுக்கு அசல் ஒன்றைச் செய்து பார்க்க வேண்டும் என்று தோன்றினால் அதில் என்ன தப்பு? போனில் ஒரு வீடியோவில் அந்தக் கண்ணாடி வால்வுகள் அடுப்புத் தணல் மாதிரி சிவந்து எரிவதைப் பார்த்தேன். விழுந்துவிட்டேன்.

பெட்டி வந்தது. டிரான்ஸ்ஃபார்மர், வால்வுகள், கண்டன்சர்கள், புளியங்கொட்டை அளவில் நூறு சில்லறைச் சாமான்கள். மகள் கல்யாணமாகிப் போனபின் காலியாகக் கிடந்த அறையில் மேசை போட்டு, ஒவ்வொன்றாக ஈயம் பற்றவைத்தேன். கடைசியில் ஒரு சோதனை. ஸ்பீக்கரை மாட்டும் முன், எந்த முனையில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்று ஓர் அட்டவணை கொடுத்திருந்தார்கள். எல்லாம் ஒத்துவந்தால்தான் ஸ்பீக்கரில் கை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வால்வும் போகும், ஸ்பீக்கரும் போகும் என்று எச்சரிக்கை வேறு.

ஒத்துவரவில்லை. முந்நூற்றுப் பத்து இருக்க வேண்டிய இடத்தில் இருநூற்று ஐம்பது. வால்வைச் சூடாக்கும் கம்பியில் ஆறே கால் வர வேண்டும், ஐந்துதான் வந்தது. ஒரு முனைகூடப் பாசாகவில்லை. என் பள்ளிக்கூடத்து மார்க் ஷீட்டை மறுபடி கையில் வாங்கியது போல இருந்தது.

பகலெல்லாம் கடை. தாலுகா ஆபீஸ் கூட்டம் கலைந்ததும் கதவை இழுத்துவிட்டு வீட்டுக்கு ஓடுவேன். நாங்கள் சமணர்கள், பொழுது சாயும் முன் சாப்பிட்டு முடிப்பவர்கள். அதிலும் எங்கள் வீட்டில் காலண்டரில் போட்டிருக்கும் அஸ்தமனம் செல்லாது. சூரியன் கோட்டை மலைக்குப் பின்னால் போய்விட்டால் போய்விட்டதுதான், அதற்குமேல் என் மனைவி வாயில் ஒரு பருக்கை வைக்க மாட்டாள். மலையை வைத்தவனைத்தான் நோக வேண்டும். வந்ததும் எனக்குச் சோறு போட்டுவிடுவாள். நான் கையைக் கழுவியதும் கழுவாததுமாக அறைக்குள் போய்ப் பெட்டியை ஓட்டுவேன்.

"நீ சாப்டலியா?" என்று கேட்டால், "விரதம்," என்பாள்.

மழைக்காலத்தில் எங்களவர்களுக்கு விரதங்கள் அதிகம்தான். ஆனால் நான் பெட்டியை ஓட்டும் நாளெல்லாம் அவளுக்கு விரதமாக இருந்தது. ஒரு நாள், "இன்னா, ஆம்ப்ளிஃபையர் நோன்பா?" என்று கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை. பொதுவாகவே அவள் சாப்பாடு கொஞ்சம்தான். முதல் முறை போட்டுக்கொண்டதோடு எழுந்துவிடுவாள். இரண்டாம் முறை சோறு வாங்கி எத்தனையோ வருடமாகிறது, வயிறு அவ்வளவுதான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அறுபது வோல்ட்டைத் தேடி நான் பட்ட பாட்டை யாரிடம் சொல்வது? முதலில் என் ஈயத்தைச் சந்தேகப்பட்டேன். ஒவ்வொரு இணைப்பையும் உருக்கி மறுபடி வைத்தேன். பிறகு வால்வை மாற்றி மாற்றிப் போட்டேன். கண்டன்சர் ஒன்றைக் கழற்றும்போது அதன் கால் ஒடிந்தது, புதிதாக வரவழைத்தேன். கிட் விற்றவனுக்குச் செய்தி அனுப்பினேன். எல்லா அளவும் ஒரே மாதிரி குறைந்திருப்பதால் உங்கள் வீட்டுக் கரண்டைப் பாருங்கள் என்று பதில் வந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அப்படிச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறானா? இருந்தாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்தச் சாக்கெட்டில் மீட்டரை வைத்துப் பார்த்தேன். இருநூற்று முப்பது, வெகு சுத்தம். படம் எடுத்து அனுப்பி, கூடம் நேராகத்தான் இருக்கிறது என்று எழுதினேன்.

அதன்பிறகு டிரான்ஸ்ஃபார்மரே மட்டம் என்று முடிவு கட்டினேன். அதைத் திட்டினேன், விற்றவனைத் திட்டினேன், குறடைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். சுவரில் இன்னும் அந்தப் பள்ளம் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் மறக்காமல் அணைத்துவிட்டுத்தான் வெளியே வருவேன். வந்து பார்த்தால் ஸ்டோர் ரூமிலிருந்து அவள் வெளியே வந்துகொண்டிருப்பாள், கையில் ஒரு டப்பாவோ முறமோ இருக்கும். மலைக்கு மேலே வானம் செம்மண் நிறமாகியிருக்கும். "ஆச்சா?" என்பாள். "ஆவல," என்பேன். அவ்வளவுதான் பேச்சு.

ஒரு கட்டத்தில் எனக்கே சலித்துவிட்டது. வெறும் பெட்டிக்காக மட்டும் அல்ல. வீட்டில் அவள் மெலிந்துகொண்டே வந்தாள். நான் அறைக்குள் போகும்போதெல்லாம் அவள் முகம் இறுகுவது தெரிந்தது. முப்பது வருடக் குடித்தனத்தில் ஒரு பெட்டி குறுக்கே வந்து உட்கார்ந்துவிட்டது. இந்த வாரம் சரியாகாவிட்டால் மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். சொல்லவும் சொன்னேன். அவள் கண்ணில் ஒரு நிம்மதி வந்தது. அது எனக்கு வலித்தது, மறைப்பானேன்.

அந்த வாரம் அறையின் சீலிங் ஃபேன் நின்றுபோனது. கண்டன்சர் போய்விட்டது. ஊரில் இருக்கிற கண்டன்சர்களெல்லாம் எனக்கு எதிராகச் சேர்ந்துவிட்டன என்று நினைத்துக்கொண்டு, கூடத்திலிருந்து டேபிள் ஃபேனைத் தூக்கிவந்து பெட்டி மாட்டியிருந்த அதே போர்டில் பக்கத்துச் சாக்கெட்டில் செருகினேன். மழைக்காலமானாலும், மழை பெய்யாத நாளில் செஞ்சிப் பாறைகள் பகல் முழுக்கக் குடித்த வெயிலை மாலையில் நம் மேல்தான் கக்கும், ஃபேன் இல்லாமல் உட்கார முடியாது. பெட்டியின் ஸ்விட்சைப் போட்டேன். வால்வுகள் மெல்லச் சிவந்தன. ஃபேன் சத்தம் மெல்லத் தாழ்ந்தது.

நான் ஃபேனைப் பார்த்தேன். இறக்கைகள் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குத் தளர்ந்து சுற்றின. பெட்டியை அணைத்தேன், ஃபேன் வேகமெடுத்தது. போட்டேன், தளர்ந்தது. இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஃபேன் பிளக்கைக் கழற்றி, பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சாக்கெட்டை அளந்தேன். நூற்று எண்பத்தைந்து. இங்கே குறைகிற நாற்பத்தைந்துதான் டிரான்ஸ்ஃபார்மர் ஏற்றிக் கொடுத்தபின் அறுபதாகத் தெரிந்திருக்கிறது. நான் முன்னே அளந்தது பெட்டியைப் பிடுங்கிவிட்டு. எவனும் தண்ணீர் எடுக்காதபோது குழாயில் எப்போதும் நல்ல வேகம்தான் இருக்கும். அது புத்தியில் உறைக்க எனக்கு ஒன்றரை மாதம் ஆகியிருக்கிறது.

அப்படியானால் கூடம் கோணல்தான்! ஊர் முழுக்க வோல்ட் குறைவா, இந்த அறையில் மட்டுமா? பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே சமையலறைச் சாக்கெட்டையும் அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். மீட்டரை எடுத்துக்கொண்டு எழுந்தேன். கொடுத்த வாக்கு நினைவுக்கு வரவில்லை, கால் தானாகப் போய்விட்டது. சமையலறையில் இருநூற்று இருபத்தெட்டு இருந்தது. அடுப்பில் எதுவும் இல்லை. என் மனைவியும் இல்லை.

பக்கத்திலிருந்த ஸ்டோர் ரூம் கதவிடுக்கில் மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. எங்கள் வீட்டில் எல்லாம் வெள்ளை எல்.இ.டி. ஆகிப் பல வருடமாகிறது. கதவைத் தள்ளினேன். அரிசி டிரம்முக்கு மேலே சுவரில் புதிதாக ஒரு ஹோல்டர், அதில் ஒரு பெரிய குண்டு பல்பு அரைகுறையாக எரிந்துகொண்டிருந்தது. அதன் எதிரே முக்காலியில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். பல்பையே பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் உயிரோடு நிற்பதைப் பார்த்து அவளுக்கு முதலில் வந்தது பயம்.

"ஓடிக்கினு இருக்குது! நீங்க இங்க எப்டி வந்தீங்க?"

ஹோல்டரிலிருந்து போன ஒயரைக் கண்ணால் பிடித்துக்கொண்டு போனேன். அது சுவரைத் துளைத்துக்கொண்டு என் அறைப் பக்கம் போயிற்று. புரிந்துவிட்டது. என் போர்டுக்கு வரும் கரண்டு முழுவதும் இந்தப் பல்புக்குள் நுழைந்துதான் வருகிறது. பெட்டி எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவுக்குப் பல்பு எரியும், எரிவதற்கான வோல்ட்டைத் தன் பங்காக எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் எனக்கு அனுப்பும். நான் தேடிய அறுபது வோல்ட் இவ்வளவு நாளும் அரிசி டிரம்முக்கு மேலே எரிந்துகொண்டிருந்தது. அணைத்துவிட்டுத்தான் அறையைவிட்டு வருவேன் என்று நான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியதால்தான் அது என் கண்ணில் படவே இல்லை.

கத்தினேன். நன்றாகவே கத்தினேன். "யாரக் கேட்டு இத மாட்டுன? எத்தினி நாளா நான் பைத்தியக்காரன் மாதிரி…"

"மொதல்ல போயி அத ஆஃப் பண்ணிட்டு வாங்க. அப்றம் கத்துங்க."

போய் அணைத்துவிட்டு வந்தேன். ஸ்டோர் ரூம் இருட்டாகியிருந்தது. அவள் முக்காலியைவிட்டு எழவில்லை. கத்துவதற்கு மறுபடி ஆரம்பம் கிடைக்காமல் நான் அரிசி டிரம்மில் சாய்ந்து நின்றேன்.

"உன் வேலையா, எலக்ட்ரீஷியன் வேலையா?"

"நான்தான் நீங்க கடைக்குப் போயிருந்தப்ப அவனக் கூப்ட்டுச் சொன்னன். ஸ்விட்ச் போட்டா எரியறது வேணாம், அவரு அந்த டப்பாவ ஓட்னா மட்டும் எரியணும்னேன். அப்ப இப்டித்தான் போடணும்னு போட்டுட்டுப் போனான்." சற்று நிறுத்தி, "அதனாலதான் உங்க அளவு தப்பா வந்துச்சா?" என்றாள். ஆமாம் என்றதும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது இருந்தா எனக்கு ஷாக் அடிக்காதுன்னு எந்த மடையன் உனக்குச் சொன்னான்? அடிக்கத்தான் செய்யும்."

"தெரியும். அவனும் அதான் சொன்னான். இது உங்களக் காப்பாத்தறதுக்கு இல்ல. எனக்குத் தெரியறதுக்கு."

என்ன தெரிவதற்கு என்று கேட்டேன். சின்னக் குரலில், டிரம்மைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அன்னிக்கி பொழுது எறங்கிப்போச்சு. தம்பி மோட்டாருக்குப் போனவன் வரல. நைனா சொன்னாரு, பொழுது போவுது, எல்லாரும் சாப்ட்டு முடிங்கன்னு. உக்காந்தோம். இன்னிக்கி அவனுக்குப் பட்டினிதான், வேணும் அவனுக்குன்னு சொல்லிச் சிரிச்சோம். காராமணிக் கொழம்பு. நல்லா இருக்குதுன்னு நான் ரெண்டாந்தரம் சோறு போட்டுக்கினேன். அந்நேரம் அவன் கெணத்து மேட்ல கெடக்கறான். எனக்குத் தெரியல. அவன் கெடக்கறான், நான் கொழம்பு ஊத்திக்கினு இருக்கறேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீங்க அதுல கை வெக்கிற நேரம் எனக்குத் தெரியணும். பல்பு எரியற வரைக்கும் நான் வாயில எதுவும் வெக்கமாட்டேன். அணஞ்சா சாப்பிடலாம்னு பாப்பேன். நீங்க அணைக்கறதுக்குள்ள பொழுது போயிடுது."

நோன்பா என்று நான் கிண்டல் செய்தது நினைவுக்கு வந்தது. தரையில் உட்கார்ந்தேன். ஒரு பெட்டி சிவந்து எரிவதைப் பார்க்க நான் ஆசைப்பட்டதற்கு இவள் பட்டினி கிடந்திருக்கிறாள். அதையும் விரதம் என்று சொல்லிப் புண்ணியக் கணக்கில் சேர்த்துவிட்டாள்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று மனம் அடித்துக்கொண்டது. அந்தப் பல்பை நம்பித்தான் ஒரு பெண் இத்தனை நாள் மூச்சு விட்டிருக்கிறாள், அதைப் பிடுங்குவதா? ஆனால் கரண்டு இல்லை என்று தவறாக நம்பித்தான் அவள் தம்பி செத்தான். அதே தவறான நம்பிக்கையை இவள் கையில் கொடுத்துவிட்டு நான் எப்படிச் சும்மா இருப்பது?

"பல்பு அணஞ்சாலும் கரண்டு இருக்கும்," என்றேன். "அந்தக் கண்டன்சரெல்லாம் புடிச்சு வெச்சுக்கும். அணைச்சதுக்கு அப்றமும் கொஞ்ச நேரம் அதுல உயிர் இருக்கும். நான் அது போற வரைக்கும் காத்திருந்துதான் கை வெப்பேன்."

அவள் நிமிர்ந்தாள். "அப்ப பல்பு அணஞ்சிடுச்சேன்னு நான் எழுந்து போனனே. அப்பவும் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அவள் அணைந்த பல்பைப் பார்த்தாள். எல்லாம் போயிற்று, பெட்டியை நாளைக்கே தூக்கிக்கொண்டு போய் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று நான் வாயைத் திறக்கப் போனபோது அவள் கேட்டாள்: "அது கொறையறது உங்க மீட்டர்ல தெரியுமா?"

"தெரியும்."

"எனக்கு அதப் பாத்துப் படிக்க வருமா?"

"நம்பர்தானே," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீஷியன் வந்து பல்பைக் கழற்றி ஒயரை நேராக்கினான். என்னைப் பார்த்து அசடு வழிந்தான், நானும் வழிந்தேன். மத்தியானம் பெட்டி அணைந்திருக்கும்போதே மீட்டரின் இரண்டு முனைகளையும் பல் வைத்த கிளிப்பால் பெரிய கண்டன்சரில் கவ்வவிட்டேன். மீட்டரை ஒயரின் நீளத்துக்குத் தள்ளி, முக்காலியில் உட்கார்ந்திருந்த அவள் எதிரே வைத்தேன். பெட்டி வந்தபிறகு அந்த அறைக்குள் அவள் காலெடுத்து வைத்தது அன்றுதான். ஸ்விட்சைப் போட்டேன்.

"ஏறுது," என்றாள். "இருநூறு. இருநூத்தி எம்பது. முந்நூத்தி ஒம்பது. நின்னுச்சு."

அட்டவணையில் முந்நூற்றுப் பத்து. மற்ற முனைகளை இன்னொரு மீட்டரால், இடது கையை முதுகில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தொட்டேன். எல்லாம் பாஸ். அணைத்து, காத்திருந்து, ஸ்பீக்கரை மாட்டி மறுபடி போட்டேன். போனிலிருந்து ஒரு நாதஸ்வரம் வைத்தேன். நல்ல சத்தம். நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் பாட்டைக் கேட்கவே இல்லை, மீட்டரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சரி, அவளுக்கு அதுதான் பாட்டு.

முழுதாக வாசித்து முடிக்க விடவில்லை. ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தேன், சூரியன் இன்னும் மேலேதான் இருந்தது. அணைத்தேன். வால்வுகள் மங்கின.

"எறங்குது," என்றாள். "இருநூறு. நூத்தி இருவது. எம்பது." கொஞ்ச நேரத்தில் எண் நத்தையாகிவிட்டது. "முப்பது. இருபத்தெட்டு. இன்னும் இருக்குது, கை வெக்காதீங்க." நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். "பத்து. ஆறு. ரெண்டு."

அப்புறமும் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து புடவையை உதறிவிட்டுக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்ல இப்ப. வாங்க, சாப்டலாம்."

இரண்டு தட்டு வைத்தாள். எனக்கும் போட்டு, தனக்கும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். காராமணிக் குழம்பு இல்லை, வெறும் பருப்பும் புடலங்காய்க் கூட்டும்தான். சாப்பிட்டோம். தட்டு காலியானதும் வழக்கம்போல எழுந்திருக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்தாள், வெளிச்சம் நன்றாக இருந்தது. சோற்றுப் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்து இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள்.